விற்ற காருக்கு அழுதவர்

பெற்ற தாய் செத்தபோது றோலண்டின் கண்ணிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஹட்டன் மாதா கோயிலிலிருந்து சவப்பெட்டி வெளியே போகிற வரைக்கும் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தபடி நின்றார். அதே மனிதர், தன்னுடைய மொறிஸ் எயிட் காரை விற்ற மறுநாள் காலையில், வெறுமையாகக் கிடந்த கொட்டகையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, கட்டிலில் குப்புற விழுந்து தேம்பினார். அப்போது கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. மனைவி ஜோசப்பின் பதறிப்போய்த் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிவிட்டாள். பிற்காலத்தில் அந்தத் தடவலை நினைக்கும்போதெல்லாம், தன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்போல அவளுக்கு இருக்கும்.

றோலண்ட் நோர்வூட்டுக்கும் பொகவந்தலாவைக்கும் நடுவிலிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் டீமேக்கர். ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாடுகிற வாசனையை வைத்தே எப்போது அரைவைக்குத் தள்ளலாம் என்று சொல்லிவிடுவார். அங்கே அவருக்கு அவசரமே கிடையாது. மழை நாளில் கொழுந்து வாட மறுத்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதுபோலப் பக்கத்திலேயே காத்துக் கிடப்பார். அந்தப் பொறுமையில் கால்வாசி ஸ்டோர் வாசலைத் தாண்டி வெளியே வந்திருந்தால் ஜோசப்பினின் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும். வரவில்லை.

அவள் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நாற்பத்தெட்டில் கல்யாணம். மறு வருஷம் சீமைக்குத் திரும்பிப்போன ஒரு சின்ன துரையிடமிருந்து அந்த மொறிஸை வாங்கினார்கள். கறுப்புக் கார், சிவப்புத் தோல் இருக்கை. நல்ல கார்தான், அதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. ஏப்ரல் மாதத்தில் ஒருமுறை நுவரெலியாவுக்குப் போனார்கள். தலவாக்கலை தாண்டி ஏற்றத்தில் பனி இறங்கி, முன்னால் பாதை தெரியாமல் போனபோது அவள் தலையை வெளியே நீட்டி, "இடது பக்கம், இடது பக்கம்" என்று கத்திக்கொண்டே வந்தாள். இருவருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. அவர் காரில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு பயணத்தில்தான்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் முத்துலிங்கம் ஒரு ஃபோர்ட் ப்ரிஃபெக்ட் வாங்கியதோடு மொறிஸின் கதை முடிந்தது. றோலண்டுக்குச் சோறு இறங்கவில்லை. அதுவரை கோயில் மணிபோல இருந்த மொறிஸின் ஹாரன் திடீரென்று ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரிக் கேட்டது. இருக்கை குறுகிப்போனது. ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. "இந்தத் தகரப்பெட்டியில எப்பிடிடி இவ்வளவு நாள் போனோம்?" என்று மனைவியைக் கேட்டார். ஹட்டனில் வாடகைக்கு ஹயர் கார் ஓட்டுகிற அழகுமுத்துவுக்கு அதை விற்றுவிட்டு, ஒரு வாரம் கழித்து ஒரு ஸ்டாண்டர்ட் காரை வாங்கி வந்தார். விற்ற மறுநாள்தான் அந்த அழுகை.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரே மாதிரிதான். வாங்கிய புதிதில் விடிவதற்கு முன்பே எழுந்து துணியும் வாளியுமாகக் காரைக் குளிப்பாட்டுவார். சொந்த மகளை அவர் ஒருநாளும் குளிப்பாட்டியதில்லை. கொஞ்ச நாளில் காதைச் சாய்த்து எதையோ கேட்க ஆரம்பிப்பார். "சத்தம் ஒண்ணு வருது, கேக்குதா?" என்பார். யாருக்கும் கேட்காது. பிறகு காரோடு பேச்சை நிறுத்திவிடுவார். கதவை அறைந்து சாத்துவார். யாராவது ஒருவன் வந்து அரை விலைக்குக் கேட்டதும் சாவியை நீட்டிவிடுவார். அது தோட்டத்து வளைவைத் தாண்டி மறைந்த கணத்திலேயே ஒப்பாரி தொடங்கும். ஸ்டாண்டர்ட் வந்தபோது மொறிஸுக்காக அழுதார். ஸ்டாண்டர்ட் போய் ஹில்மன் வந்தபோது ஸ்டாண்டர்டுக்காக அழுதார். கையில் இருப்பதில் குற்றமும் கைவிட்டுப் போனதில் குணமும் தவிர வேறெதுவும் அந்த மனிதரின் கண்ணில் படுவதில்லை.

ஐம்பத்திரண்டில் டோரீன் பிறந்தாள். பிரசவத்துக்கு நாள் நெருங்கிவிட்டது என்று தெரிந்தும், அந்த வாரத்தில்தான் றோலண்ட் ஹில்மனை விற்றார். "புதன்கிழமை கண்டியில இருந்து புதுசு வந்திரும். ரெண்டு நாளுக்குள்ள என்ன ஆயிரப் போவுது?" என்றார். திங்கட்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்தில் நின்றபடியே ஜோசப்பினுக்கு வலி கண்டது. துரையின் கார் கொழும்புக்குப் போயிருந்தது. றோலண்ட் கண்டியில் எவனோ ஒருவனின் கராஜில் குனிந்து எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஸ்டோர் லொறிதான் கிடைத்தது. டிரைவர் மூக்கன் தேயிலைப் பெட்டிகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, சாக்கு விரித்து, அவளைப் படுக்க வைத்தான். கொழுந்து பறிக்கிற வீரம்மா கூடைக்கயிற்றின் தழும்பு மாறாத நெற்றியோடு ஓடிவந்து, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

மழை கொட்டியது. படுதா ஒழுகியது. ஒவ்வொரு குழிக்கும் மூக்கன் முன்னாலிருந்து, "மன்னிச்சுக்கங்க டீச்சரம்மா" என்று கத்தினான். டிக்கோயா ஆஸ்பத்திரி வாசலில் லொறி நிற்கவும் பிள்ளை தலை காட்டவும் சரியாக இருந்தது.

புதன்கிழமை சொன்னபடி புதிய கார் வந்தது. அதிலேயே றோலண்ட் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

"மொறிஸ் மட்டும் நம்ம கையில இருந்திருந்தா, இப்பிடி லொறியில வந்திருக்க வேண்டியதில்ல."

ஜோசப்பின் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். உடம்பில் குரல் எழுப்பத் தெம்பில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"மொறிஸ் எதுக்குங்க? புருஷன் இருந்திருந்தாலே போதும்."

அவருக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை. ஜன்னல் வழியே வெளியில் நின்ற காரை எட்டிப் பார்த்து, யாரோ பிள்ளைகள் பெயின்டைத் தொடுகிறார்கள் என்று எழுந்து ஓடினார். அன்றைக்கு அவள் மனதில் அவருக்கென்று இருந்த இடத்தில் ஒரு கதவு சாத்தப்பட்டது. அவருக்குச் சமைத்தாள், சட்டை தேய்த்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பக்கத்தில் முழந்தாளிட்டாள். மதிப்பு மட்டும் திரும்பி வரவில்லை.

இருந்தும் அவள் ஒருமுறை ஏமாந்தாள். அதுதான் அவளுக்கு இன்னும் ஆறாதது.

தோட்டத்து வீடு வேலை இருக்கும்வரைதான். ஓய்வு பெற்றால் மூட்டை கட்ட வேண்டும். ஆகவே அவள் தன் சம்பளத்தில் சீட்டுப் பிடித்து, டிக்கோயாவில் ரயில்வே கார்டாக வேலை பார்த்த ஒருவரின் சின்ன வீட்டுக்குப் பேசி வைத்திருந்தாள். முன்னால் ஒரு கொய்யா மரம், பின்னால் ஓடை. அந்த நேரம் பார்த்து ஒரு துரை ஊருக்குப் போகிற அவசரத்தில் வொக்ஸ்ஹோல் ஒன்றை விற்கிறார் என்று றோலண்ட் வந்து நின்றார்.

"ரெண்டே வாரந்தான் ஜோசப்பின். வாங்குறோம், கண்டியில ஒரு முதலாளி கேக்குறாரு, அவருக்குக் குடுக்குறோம். வர்ற லாபத்துல அந்த வீட்டுக்கு மாடியே கட்டிரலாம். இது எனக்காக இல்ல. உனக்கும் பிள்ளைக்கும்தான்."

பிள்ளை என்றதும் அவள் இளகிவிட்டாள். சீட்டுக் காசை எடுத்துக் கொடுத்தாள். கார் வந்தது. இரண்டு வாரமானது, இரண்டு மாதமானது. கண்டி முதலாளி வந்து பார்த்தார். அவர் சொன்ன விலையை றோலண்ட் ஏளனமாகச் சிரித்து மறுத்தார். அதற்குள் வொக்ஸ்ஹோலின் மேல் அவருக்குக் காதல் வந்திருந்தது. காதல் தீர்ந்தபோது கியர்பெட்டியும் தீர்ந்திருந்தது. கொடுத்ததில் பாதிகூடத் தேறவில்லை. டிக்கோயா வீட்டை ஒரு தபால் மாஸ்டர் வாங்கிக்கொண்டார். ஹட்டனுக்கு பஸ்ஸில் போகும்போது அந்த இடம் வந்தால் ஜோசப்பின் மறுபக்கம் திரும்பிக்கொள்வாள். தன் கணவன் முட்டாள் என்பது அவளுக்குப் பழகிவிட்டது. அந்த முட்டாளின் பேச்சைக் கேட்டவள் தான் என்பதுதான் பழக மறுத்தது.

ஐம்பத்தெட்டில் கார்களின் நம்பர் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்து, அதன் மேல் தமிழர்கள் தார் பூசுகிற கிளர்ச்சி மலைநாட்டிலும் பரவியபோது, றோலண்டின் கையில் புத்தம்புதிய ஸ்ரீ கார் ஒன்று இருந்தது. ஊர் அடங்கிக் கிடந்தது. தொழிலாளர் குடியிருக்கிற லயங்களில் ஆம்பிளைகள் வெளியே தலைகாட்டப் பயந்தார்கள். வீரம்மாவின் தம்பியைத் தார் பூசினான் என்று பொலிஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. அவள் அழுதுகொண்டு றோலண்டின் பங்களா வாசலுக்கு வந்தாள்.

"ஐயா, நீங்க ஒரு வார்த்த பொலிஸுல வந்து சொன்னீங்கன்னா விட்டுருவாங்கய்யா. கார்ல ஒரு எட்டுப் போயிட்டு வந்துரலாம்."

"காரை எடுக்கச் சொல்றியா? இந்த நேரத்துலயா? வழியில எவனாவது தாரை ஊத்துனா பெயின்ட் போயிரும் வீரம்மா. உனக்கு அது புரியாது."

பிரசவ நாளில் தன் தலையை மடியில் தாங்கியவளுக்கு அந்தப் பதில் போனதைக் கேட்டபடி உள்ளே நின்றாள் ஜோசப்பின். குடையை எடுத்தாள், செருப்பை மாட்டினாள். வீரம்மாவோடு நோர்வூட் பொலிஸ் வரை நடந்தே போனாள். சிங்களத்தில் பேசி, பொடியன் அன்றைக்கு வேலைக்கு வந்திருந்தான் என்று சாட்சி சொல்லி, இருட்டுவதற்குள் கூட்டிக்கொண்டு வந்தாள். திரும்பி வந்தபோது றோலண்ட் காருக்குப் பழைய கம்பளி போர்த்திக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் பயத்தில் அதையும் விற்றுவிட்டார். கலவரம் அடங்கியதும் அதற்கும் அழுதார்.

பிறகு ஒரு பேஜோ வந்தது. அவர் ஆயுளில் வாங்கியதிலேயே சிறந்தது அதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஏற்றம், இறக்கம், சேறு, எதற்கும் முகம் சுளிக்காத கார். அதை அறுபதில் நுவரெலியாக் கடைக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, துரைமார் ஏறுகிற மாதிரி ஒரு ஹம்பரை வாங்கினார். கப்பல் மாதிரி இருந்தது. தோட்டப் பாதையின் வளைவுகளில் ஒரே வீச்சில் திரும்பாது. முன்னும் பின்னும் போய்த்தான் திருப்ப வேண்டும். கொஞ்ச காலத்திலேயே வெளிநாட்டுக் கார் இறக்குமதியை அரசாங்கம் கட்டுப்படுத்திவிட்டது. வானொலியில் செய்தி கேட்ட றோலண்ட் வாயில் வைத்த சுருட்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். நாட்டில் ஓடுகிற ஒவ்வொரு பழைய காரும் தங்கமாகிவிட்டது. அவர் அரை விலைக்குத் தள்ளிய அத்தனையும், வாங்கியவர்கள் வீட்டு வாசலில் விலை ஏறிக்கொண்டு நின்றன. ஹம்பருக்கு மட்டும் கேட்பாரில்லை. பெற்றோலைத் தண்ணீராகக் குடிக்கிற வண்டி. உடைந்தால் சாமான் கிடைக்காது. உடைந்தது. ஸ்டோர் முற்றத்தில் படுதாவுக்கு அடியில் படுத்துக்கொண்டது.

அதோடு அவர் புலம்பலையே தொழிலாக்கிக்கொண்டார். விருந்தாளி யார் வந்தாலும் மொறிஸில் தொடங்கி ஹம்பர் வரை சொல்லி முடிக்காமல் எழும்ப விடமாட்டார். அது போதாதென்று சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய், விற்ற கார்களைப் பார்த்துவிட்டு வர ஆரம்பித்தார். ஒருநாள் ஹட்டனில் துணி எடுக்கப் போன ஜோசப்பினும் டோரீனும் அதை நேரில் பார்த்தார்கள். கார் ஸ்டாண்டில் அழகுமுத்துவின் மொறிஸ் நின்றது. பத்து வருஷத்துக்கு மேலாகியும் பளபளவென்றிருந்தது. றோலண்ட் அதன் மூக்கைத் தடவிக்கொண்டு நின்றார்.

"அழகுமுத்து, திருப்பிக் குடுத்திரு. நீ என்ன கேட்டாலும் தாறேன்."

"ஐயாகிட்ட காசு எங்கங்கய்யா இருக்கு?"

"ஒரு தடவ உள்ள உக்காந்து பாக்கவா?"

"உக்காருங்க. ஆனா ஹயருக்குத்தான். சும்மா உக்கார வெச்சா மத்தவங்க என்னயப் பாத்துச் சிரிப்பாங்க."

அவர் காசு கொடுத்து ஏறிக்கொண்டார். மல்லியப்பூ சந்தி வரை போய்த் திரும்பி வந்தார். இறங்கியபோது முகம் கோயிலில் நற்கருணை வாங்கியவரைப் போலிருந்தது. டோரீன் தாயின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்கம்மா போயிரலாம். அப்பா நம்மளப் பாத்துட்டா வெக்கமா இருக்கும்."

"அவருக்கா?" என்றாள் ஜோசப்பின்.

அறுபத்திநாலில் றோலண்ட் ஓய்வு பெற்றார். வெள்ளைக்காரத் துரைமார் போய், தோட்டத்துக்குச் சிங்களப் பெரியதுரை ஒருவர் வந்திருந்தார். மரியாதையான மனிதர். பங்களாவைக் காலி செய்ய அவகாசம் கொடுத்தார். ஸ்டோர் முற்றத்தை அடைத்துக்கொண்டு கிடந்த ஹம்பரை மட்டும் உடனே எடுக்கச் சொன்னார். ஜோசப்பின் ஏற்கெனவே ஹட்டன் டவுன் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வாங்கி, ரயில் பாதைக்கு மேலே இரண்டு அறை வாடகைக்குப் பிடித்திருந்தாள். வாசலுக்குப் படிக்கட்டில்தான் ஏற வேண்டும்.

"அங்க கார் எங்க நிக்கும்?" என்று கேட்டார் றோலண்ட்.

"நிக்காது."

"அப்ப ஹம்பர்?"

"படியேறி வர்றது வரட்டும். வராதது இங்கயே கெடக்கட்டும்."

இரும்புக்கு எடை போட்டு வாங்குகிறவன் வந்து ஹம்பரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனான். அதற்கும் அவர் அழுதார். படுதாவை மடித்துக்கொண்டிருந்த ஜோசப்பின் ஒரு மடிப்புக்கூடப் பிசகவில்லை.

மனிதர் இனிமேலாவது ஓய்ந்திருப்பார் என்று அவள் நினைத்தாள். ஆனால் ஹட்டனில் அவருக்கு ஒரு பிழைப்புக் கிடைத்தது. கார் புரோக்கர். புதிய கார் வராத காலத்தில் பழைய கார் கைமாறுவதுதானே வியாபாரம். வாங்குகிறவனையும் விற்கிறவனையும் சேர்த்துவைப்பதில் அவருக்கு இணையாக யாருமில்லை. ஒருவன் தன் காரோடு சந்தோஷமாக வந்து நின்றால், தேநீர் குடித்து முடிப்பதற்குள் அவன் காதில் இல்லாத ஒரு சத்தத்தைக் கேட்க வைத்துவிடுவார். இத்தனை வருஷம் தன் தலைக்குள் ஓடிய பேச்சை இப்போது வெளியே எடுத்து விற்றார். தரகுக் காசு வந்தது. ஜோசப்பின் அதைத் தொடவில்லை. வெற்றிலைக் கடைக்கும் சுருட்டுக்கும் போனது.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து அவள் கடைத்தெரு வழியாக வந்தபோது, ஹோட்டல் வாசலில் றோலண்டின் குரல் கேட்டது. அக்கரப்பத்தனைப் பக்கத் தோட்டத்துச் சின்னக் கிளாக்கர் சின்னராசா அவர் எதிரில் நின்றான். பக்கத்தில் அவனுடைய சின்ன ஒஸ்டின். அதற்குள் அவன் மனைவி பூரணி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெருவுக்கு அந்தப்பக்கம் மினுமினுவென்று ஒரு பெரிய ப்ளிமத்.

"தம்பி, ஏத்தத்துல இது மூச்சு வாங்குதா இல்லையா? உண்மையச் சொல்லுங்க," என்றார் றோலண்ட்.

"கொஞ்சம்... வாங்குற மாதிரித்தான் இருக்குங்கய்யா."

"பாத்தீங்களா. ஒங்க பதவிக்கு இந்தத் தகரப்பெட்டியா? ரெண்டு வாரம் அந்த ப்ளிமத்த வெச்சு ஓட்டுங்க. புடிக்கலன்னா நானே லாபத்துக்கு வித்துத் தாறேன். இது ஒங்களுக்காக இல்ல. பிள்ளைக்காகச் சொல்றேன்."

அந்த வார்த்தைகளை ஜோசப்பின் முன்பே கேட்டிருந்தாள். தெருவைக் கடந்து நேராகக் காரின் ஜன்னலுக்குப் போனாள்.

"பிள்ள, ஒம் பேரென்ன?"

"பூரணிங்கம்மா."

"வீடு சொந்தமா, தோட்டத்து வீடா?"

"தோட்டத்து வீடுதாங்கம்மா. கொட்டகலையில ஒரு துண்டுக் காணிக்குக் கொஞ்சம் சேத்து வெச்சிருக்கோம். அதத்தான் இப்ப இதுக்குப் போடலாம்னு இவரு..."

ஜோசப்பின் நிமிர்ந்து சின்னராசாவைப் பார்த்தாள்.

"தம்பி, இந்த ஆள் ஏம் புருஷன். ஏழெட்டுக் கார் வாங்கி வித்திருக்காரு. எங்களுக்குச் சொந்தமா ஒரு கொட்டகைகூடக் கெடையாது. நீங்க காரை எடுத்துக்கிட்டு நேரா வீட்டுக்குப் போங்க."

தெருவில் போனவர்கள் நின்றார்கள். சின்னராசா அவளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், பூரணியைப் பார்த்தான். பிறகு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். ஒஸ்டின் எந்தச் சத்தமும் இல்லாமல் கிளம்பிப் போனது.

றோலண்டின் முகம் கறுத்துவிட்டது. வீடு வரைக்கும் அவள் பின்னால் நாலடி தள்ளியே நடந்து வந்தார். படியேறி உள்ளே வந்ததும்தான் வாய் திறந்தார்.

"நடுத்தெருவுல என் மானத்த வாங்கிட்ட. நல்ல யாவாரம். இனி எவன் என்னய நம்புவான்?"

"யாரும் நம்பக்கூடாதுன்னுதாங்க சொன்னேன்."

"என்னய அவ்வளவு கேவலமாவா நெனைக்கிற?"

இத்தனை வருஷத்தில் அவர் அவளை இந்தக் கேள்வி கேட்டது இதுதான் முதல்முறை. ஜோசப்பின் முக்காட்டை மடித்துக் கொடியில் போட்டாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். பூசையிலிருந்து வந்த வாயால் அது முடியவில்லை.

"ஆமாங்க," என்றாள். "டோரீன் பொறந்ததுல இருந்து."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கீழே கொழும்பு ரயில் ஊதிக்கொண்டு போனது. அவள் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அவர் பிசைந்து ஒரு வாய் உண்டார். இரண்டாவது வாய்க்கு முன்னால் தலையைத் தூக்கினார். அவர் கண்ணில் ஈரம் இருந்தது. மன்னிப்புத்தான் கேட்கப் போகிறார் என்று ஜோசப்பின்கூட ஒரு கணம் நினைத்துவிட்டாள்.

"அந்த ஒஸ்டின் நல்ல கார், ஜோசப்பின்," என்றார். "சத்தமே இல்ல, கவனிச்சியா? அவன் வித்திருந்தா நம்மளே வாங்கியிருக்கலாம்."

அவள் அவருக்கு இன்னும் கொஞ்சம் பருப்பு ஊற்றிவிட்டு, நாளைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டிய கணக்குகளை எழுத உள்ளே போனாள்.